முப்பத்தெட்டாவது அடி

மலாக்காவின் காஜா பெராங்கில் காலை நேரத்துக் குழாய்த் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். பத்து நிமிடம் திறந்துவிட்டால் தெளிந்துவிடும். பக்கத்து வீடுகளில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. கலங்கலையே பிடித்து, துணியில் வடிகட்டி, கோப்பி போட்டுக் குடித்துவிட்டு நாள் முழுக்கத் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் காத்திருப்பேன். எனக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். குடிப்பதற்கு அல்ல, கல்லைக் கழுவுவதற்கு.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அப்துல் அஜீஸ். மெதுவாகவே சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்துங்கள். வகுப்பில் நாற்பது பையன்களுக்கு ஒரே விஷயத்தை ஐந்து முறை சொல்லிப் பழக்கப்பட்டவன் நான்.

பெயர் ராஜரத்தினம். வயது நாற்பத்தாறு. திருமணம் ஆகவில்லை. மதராஸில் நிலவியல் படித்துப் பட்டம் வாங்கினேன். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் பூகோளமும் சுகாதாரமும் சொல்லிக்கொடுக்கிறேன். நகத்தை ஏன் வெட்ட வேண்டும் என்று வருடா வருடம் விளக்குகிறேன். நிலவியல் என்றால் நிலம் அளக்கும் வேலை என்று நினைத்திருந்த தலைமையாசிரியர்கள் மூவரிடம் வேலை பார்த்துவிட்டேன். மூன்றாமவர் தம் வீட்டு வேலியை அளந்துதரச் சொன்னார். அளந்து கொடுத்தேன்.

ஷேல் என்று ஒரு கல் உண்டு. கருப்பாக, ஏடு ஏடாகப் பிரியும். ஆதிக் கடலின் அடியில் படிந்த சேறு, இறுகிக் கல்லானது. அதை உடைத்து, உலர்த்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு சோடா கலந்த வெந்நீர் ஊற்றினால் பழையபடி சேறாகிவிடும். அந்தச் சேற்றை மெல்லிய பித்தளைச் சல்லடையில் கழுவினால் கடைசியில் ஒரு சிட்டிகை மணல் மிஞ்சும். பார்க்கத்தான் மணல். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அதில் பாதி ஓடுகள். கடுகைப் பத்தாகப் பிளந்தால் வரும் அளவில், அறை அறையாகச் சுருண்ட கடற்பிராணிகளின் ஓடுகள். ஒவ்வொரு யுகத்துக்கும் ஒவ்வொரு வகை. எந்த வகை இருக்கிறது என்று பார்த்து அந்தச் சேறு எப்போது படிந்தது என்று சொல்லிவிடலாம். கல் பொய் சொல்லாது. கல்லைப் பற்றிப் பேசுகிற மனிதர்களுக்குத்தான் அந்த வழக்கம்.

இருபது கோடி வருடங்களுக்கு முன்னால் ஒரு காலகட்டத்தில் கடலில் இருந்த உயிர்களில் பெரும்பாலானவை ஒழிந்துபோயின. கல்லில் அது ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஓடுகள் நெரிசலாகக் கிடக்கும். கோட்டுக்கு மேலே வெறும் சேறு. வெகுநேரம் தேடினால் புது யுகத்தின் ஓடு ஒன்றிரண்டு அகப்படும். அந்தக் கோட்டை இந்த நாட்டில் முதலில் தொட்டவன் நானாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பேராசை இல்லை. மற்றவர்கள் லாட்டரிச் சீட்டு வாங்குகிறார்கள்.

போன வருடம் புக்கிட் காதில் என்ற ஊரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கிணறு தோண்டினார்கள். வெட்டியவர் மருதமுத்து. ஐம்பது வயது, எழுத்தறிவு கிடையாது, கை மட்டும் நிதானமான கை. கருங்கல் ஏடுகள் வருகின்றன என்று கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்தேன். ஷேல். அடிக்கு ஒரு பால் டின் கல் எடுத்துவைக்கச் சொன்னேன். எழுதத் தெரியாததால் ஒவ்வொரு டின்னிலும் ஆணியால் கோடு கிழித்து அடையாளம் வைத்தார். ஒரு கோடுகூடத் தவறவில்லை. என் பள்ளியின் பட்டதாரி ஆசிரியர்கள் வருகைப் பதிவை அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

ஐம்பத்தாறு அடிவரை தோண்டினார்கள். தண்ணீர் வரவில்லை. கடைசி டின்களை மருதமுத்து தானே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

“கெணத்த மூடிட்டோம் மாஸ்டர். பலகை போட்டாச்சு. அது மூச்சு வுடுற கெணறு. காலையில நல்லாத்தான் இருக்கும். மத்தியானத்துக்கு மேல வெளக்கு நிக்க மாட்டேங்குது. நீங்க கல்லு கில்லுன்னு யாரையும் எறக்கிடாதீங்க.”

கிணறு மூச்சுவிடுகிறது என்ற பேச்சைக் கேட்டு அப்போது சிரித்துக்கொண்டேன். ஆனால் விஷயம் சரி. அந்த மாதிரிக் கருங்கல் காற்றில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சுகிற கெட்ட காற்று பாறை வெடிப்புகளுக்குள் தங்கியிருக்கும். வெளியே காற்றழுத்தம் குறையும்போது அது கிணற்றுக்குள் கசியும். நம் ஊரில் காற்றழுத்தம் தினமும் பிற்பகல் நான்கு மணி வாக்கில்தான் மிகக் குறைவு. பள்ளிக்கூடப் பாரமானியில் பார்த்துக் குறித்துவைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். உங்கள் அறிக்கையில் இது இல்லை.

அந்தக் கல்லையெல்லாம் எட்டு மாதம் கழுவினேன். ஐம்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்று வரை பழைய யுகத்தின் ஓடுகள், டின்னுக்கு நூற்றுக்கணக்கில். நாற்பதாவது அடியில் ஒன்றும் இல்லை. முப்பத்தொன்பதில் இல்லை. முப்பத்தெட்டில் ஒரே ஓர் ஓடு. புது யுகத்தின் ஓடு. கோட்டை நிரூபிக்க அது ஒன்று போதும்.

நல்லையா இந்த இடத்தில் வருகிறான். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற வேலை. மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிக்க நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். ரப்பர் பால்மரம் வெட்டுகிறவரின் மகன், ஏழாவதுவரை படித்தவன், நான்கு பிள்ளைகள். ஓயாமல் பேசுவான். ரத்தத்துக்குச் சாயமேற்ற மெத்திலீன் நீலம் என்று ஒரு மருந்து வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் எனக்குத் தேவைப்பட்டதால்தான் பழக்கமே ஏற்பட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனாகவே வர ஆரம்பித்தான். ஒற்றை மயிர்த் தூரிகையை நாக்கில் நனைத்து, தட்டிலிருந்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டுவான். பாட்டுப் பாடிக்கொண்டே செய்வான். நான் ஒரு மணியில் பொறுக்குவதை அவன் பத்து நிமிடத்தில் பொறுக்கினான். பழக்கதோஷம், புத்தி அல்ல.

நீலம் எதற்கு என்று கேட்பீர்கள். சல்லடை எவ்வளவு கழுவினாலும் இரண்டொரு ஓடுகள் கம்பிக்குள் சிக்கிக்கொள்ளும். அடுத்த கல்லைக் கழுவும்போது அவை விழுந்தால் கணக்குக் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் சல்லடையை நீலத்தில் முக்கி எடுப்பது முறை. சிக்கியிருக்கும் பழைய ஓடு நீலமாகிவிடும். புதுக் கல்லின் மணலில் நீல ஓடு தென்பட்டால், அது இந்தக் கல்லுடையது அல்ல, முந்தின கல்லின் மிச்சம். தூக்கி எறிந்துவிட வேண்டும்.

மே மாதம் என் கட்டுரையை லண்டனில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பினேன். ஜூலைக் கடைசியில் பதில் வந்தது. மரியாதையான பதில். என்னை ‘அன்புள்ள சக ஆய்வாளரே’ என்று எழுதியிருந்தார். பத்தொன்பது வருடத்தில் எனக்கு அப்படி யாரும் எழுதியதில்லை. முப்பத்தெட்டாவது அடி ஓட்டின் பெரிய படம் ஒன்று வேண்டும், முடிந்தால் அதே அடியிலிருந்து இன்னொரு கல்லும் வேண்டும் என்று கேட்டிருந்தார். என் மைக்ராஸ்கோப் பள்ளிக்கூடம் கழித்துப்போட்டது. நல்லையாவிடம் சில்லைக் கொடுத்து, ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைந்துவரச் சொன்னேன். அவனுக்கு நன்றாக வரைய வரும்.

மறுநாளே வந்துவிட்டான். வழக்கமான பேச்சு இல்லை.

“மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இதுல நம்ம நீலம் இருக்கு லா.”

“எங்கே?”

“உள்ள. கடைசி ரூம்ல, துளைக்குள்ள. மேல ஒண்ணுமில்ல, வெள்ளையா இருக்கு. ஆனா நான் இந்த நீலத்தத்தான் பன்னெண்டு வருசமா பாக்குறேன். கெடாவிலேருந்து உங்க கூட்டாளி ஒரு கல்லு அனுப்புனாரே, அதக் கழுவுனதுக்கு அடுத்துதானே இதக் கழுவுனீங்க?”

அப்படித்தான். கெடாக் கல் புது யுகத்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நீலத்தை நான் முன்பே கவனித்தேனா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்க மாட்டீர்கள் போலிருக்கிறது. நானே சொல்கிறேன். தட்டில் விழுந்தபோது அது பளிச்சென்ற நீலம். ஸ்பிரிட்டில் இரண்டு நாள் ஊறவைத்தேன். முக்கால்வாசி போய்விட்டது. இதை மோசடி என்று உங்களைப் போன்றவர்கள் சொல்வீர்கள். கோடு நாற்பத்தோராவது அடியில்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்த உண்மை. உண்மை தெரிந்த பிறகு சான்று என்பது தெரியாதவர்களுக்காகச் செய்கிற உபசாரம்.

நல்லையா யாரிடமும் சொல்லவில்லை, மிரட்டவுமில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்கு அவன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கும். பல்லைக் காட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னான்.

“இதுக்குப் போயி ஏன் மாஸ்டர் மொகம் வாடுது? அந்த வெள்ளக்காரரு இன்னொரு கல்லு கேக்குறாருல்ல, நாம எறங்கி எடுத்துருவோம். புதுச் சல்லடையில கழுவுவோம். இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல. இல்லன்னாலும் நாப்பத்தோராவது அடியில எல்லாம் செத்துப்போனது நெஜந்தானே. அதையே எழுதுங்க.”

‘இல்லாட்டி இல்ல.’ ஏழாவதுவரை படித்தவனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி ஞாயிறு என்று முடிவாயிற்று. காலையிலேயே போய்விடலாம் என்றான். எனக்குக் காலையில் வேலை இருக்கிறது, மூன்று மணிக்கு மேல் போகலாம் என்றேன். காலையில் எனக்கு எந்த வேலையும் இல்லை.

முந்தின நாள், சனிக்கிழமை, நான் தனியாகப் பஸ்ஸில் போயிருந்தேன். நான்கு மணிக்குப் பலகையை விலக்கிவிட்டு அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். முப்பது அடியில் அணைந்தது. ஏற்றி மறுபடி இறக்கினேன். முப்பது. மூன்றாவது முறையும் முப்பது. ஓர் அளவை மூன்று முறையாவது எடுக்க வேண்டும் என்பது என் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நல்லையாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு திடலில் பள்ளிப் பையன்கள் “மெர்டேக்கா” என்று கத்தப் பழகிக்கொண்டிருந்தார்கள். கத்துவதற்கும் பயிற்சி தேவைப்படுகிறது.

“இன்னும் பதிமூணு நாளு மாஸ்டர்,” என்றான் நல்லையா. “குடியுரிமை விண்ணப்பப் பாரம் எடுத்து வச்சிருக்கேன். இங்கிலீசுல தப்பில்லாம நீங்கதான் நெரப்பித் தரணும்.”

“தருகிறேன்,” என்றேன்.

கிணற்றடியில் யாரும் இல்லை. லயத்தில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். பக்கவாட்டில் மரச் சட்டங்களில் ஏணிப்படி அடித்திருந்தது. நல்லையா எட்டிப் பார்த்தான்.

“வெளக்கு எறக்கிப் பாக்கணும்னு சொல்லுவாங்களே மாஸ்டர்?”

“நேற்றே வந்து பார்த்துவிட்டேன். நின்று எரிந்தது.”

“மாஸ்டர் பாத்தா சரி,” என்று சொல்லிவிட்டு, டார்ச்சைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

ஏணிப்படி அடிக்கு ஒன்று; முப்பத்தெட்டாவது படியை எண்ணி நிற்கச் சொல்லியிருந்தேன். அங்கே நின்று உளியால் வெட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் ஒழுங்கு தப்பியது.

“தல சுத்துது மாஸ்டர்.”

“கீழே பார்க்காதே. கல்லை வெட்டு.”

வெட்டினான். டின்னை நிரப்பி வாளியில் வைத்து, “இழுங்க” என்றான். நாக்குக் குழறிவிட்டது. நான் இழுத்தேன். வாளி மேலே வந்தது. டின்னை எடுத்து மூடியை அழுத்தி மூடினேன். அதற்குப் பிறகுதான் அவன் விழும் சத்தம் கேட்டது. மணி நான்கு பத்து. குறித்துக்கொண்டேன்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மோட்டார் சைக்கிள் சத்தத்தில் விழித்து மருதமுத்து வந்துவிட்டார். தூரத்திலிருந்தே ஓட ஆரம்பித்தார்.

“உள்ள யாரு?”

“நல்லையா.”

“வெளக்கு எறக்குனீங்களா?”

நான் டின்னைப் பைக்குள் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“நான் சொன்னேனே மாஸ்டர். உங்க வூட்டு வாசல்ல நின்னு சொன்னேனே.”

துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டார். அந்தக் காற்றுக்கு ஈரத்துண்டு எந்த விதத்திலும் பயன்படாது. அது அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை உருளையில் ஒரு சுற்றுச் சுற்றி என் கையில் கொடுத்தார். “ரெண்டு தடவ இழுப்பேன். ஒடனே தூக்கிடுங்க,” என்றார். நான் தலையசைத்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கிணற்றைப் பற்றி என்னை எச்சரித்த ஒரே ஆள் அவர். அது அந்த நேரத்தில் எனக்கு மிகத் தெளிவாக நினைவுக்கு வந்தது.

இரண்டு தடவை இழுத்தார். பிறகு இன்னும் இரண்டு தடவை. அதன் பிறகு ஒரு தடவை, மெல்ல.

கயிற்றை நான் விடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். இழுக்கவில்லை, அவ்வளவுதான். கயிறு வெகுநேரம் அசையாமல் இருந்த பிறகு அதை மரத்தில் கட்டிவிட்டு, லயத்துக்கு நடந்துபோய்ச் சொன்னேன். ஓடவில்லை. எனக்கு முழங்கால் வலி உண்டு.

தோட்டத்துத் துரை என் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்துவிட்டு, தோளைத் தட்டிக்கொடுத்தார். விசாரணையில் ‘தற்செயல் மரணம், இருவர்’ என்றார்கள். பதினாறாம் நாள் கழிந்ததும் நல்லையாவின் மனைவி பாக்கியலட்சுமி பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்தாள். குடியுரிமைப் பாரமும் ஒரு நோட்டும் கொண்டுவந்திருந்தாள்.

“அவுரு எப்பவும் உங்க பேச்சுத்தான் மாஸ்டர். இதையும் உங்ககிட்டத்தான் குடுக்கணும். நாங்க வச்சுக்கிட்டு என்னா செய்யப்போறோம்.”

நோட்டில் அந்த ஓட்டின் படம் இருந்தது. மிக நல்ல படம். கீழே தமிழில், ‘மாஸ்டர் ராஜரத்தினம் கண்டெடுத்தது’ என்று எழுதியிருந்தான். நீலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடைசிவரை எடுபிடிக் குணம் போகவில்லை அவனுக்கு. பிள்ளைகளின் பாரங்களை எல்லாம் நானே நிரப்பிக் கொடுத்தேன். ஒரு பிழை கிடையாது.

பிறகு ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்றுதானே உங்கள் முகம் கேட்கிறது. மனசாட்சி, தூக்கமின்மை என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். நன்றாகத் தூங்குகிறேன். போன வாரம் உங்கள் அறிக்கையின் பிரதி பள்ளிக்கு வந்தது. தலைமையாசிரியர் அதை ஆசிரியர் அறையில், எல்லோர் முன்னாலும், அனுதாபத்தோடு வாசித்தார். ‘சம்பந்தப்பட்ட ஆசிரியர் கிணற்றுக் காற்றின் தன்மை பற்றிய அறிவு இல்லாதவர், அவர்மீது குற்றம் காண்பதற்கில்லை.’ உடற்பயிற்சி ஆசிரியர் என் கையைப் பிடித்து, “பரவாயில்லை சார், நமக்கெல்லாம் எங்கே தெரியும் இதெல்லாம்” என்றார்.

அறிவு இல்லாதவர். மலாக்கா முழுவதிலும் அந்தக் கிணற்றின் காற்றைப் பற்றி மணிக்கணக்கோடு சொல்லக்கூடிய ஒரே ஆளைப் பற்றி நீங்கள் எழுதியது இது. எந்த அடியில் விளக்கு அணையும், எந்த மணிக்கு அணையும், ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நிற்பான், எல்லாம் தெரிந்துதான் நல்லையாவை இறக்கினேன். சாவான் என்று தெரிந்துதான் மருதமுத்துவின் கயிற்றை இழுக்காமல் நின்றேன். இருவரையும் கொன்றது கிணறு அல்ல, நான். உங்கள் அறிக்கையில் அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். மற்ற எழுத்துப் பிழைகளை நான் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

உங்கள் கண் அந்தப் பையின்மேல் போகிறது. ஆமாம், அந்த டின்தான். வாளியில் மேலே வந்த டின். தடயம் என்று கேட்பீர்கள் என்று கொண்டுவந்தேன்.

“இதுல என்னா வந்துச்சு மாஸ்டர்? கழுவிப் பாத்தீங்களா?” என்று கேட்கிறீர்கள்.

இல்லை. இந்த இரண்டு மாதத்தில் வேறு நாற்பது கற்களைக் கழுவியிருக்கிறேன், இதை மட்டும் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.